தான் வைத்துக்கொண்டு பிறரைத் தடுக்கலாமா?



சென்ற ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து நான் கோவிலை விட்டு வெளியே வந்தபோது, பட்டாளத்தில் இருபது வருஷத்துக்கு மேல் ஊழியம் செய்து ஓய்வு பெற்ற நம் பங்குப் பெரியவர் ஒருவர் வேப்பமரத்தடியில் எனக்காகக் காத்திருந்தார். அன்று பூசையில் உலக சமாதானத்துக்காகவும், அணு ஆயுதங்கள் மேலும் பரவாதிருக்க வேண்டும் என்பதற்காகவும் மன்றாடினோம். அதுதான் அவர் மனத்தை உறுத்தியிருக்கிறது.

“சாமி, ஒரு சந்தேகம். ஐந்து வல்லரசுகள் அணுகுண்டைத் தங்கள் வீட்டில் அடுக்கி வைத்துக்கொண்டு, மற்ற நாடுகளைப் பார்த்து ‘நீங்கள் செய்யக்கூடாது’ என்கின்றன. இது எந்த ஊர் நியாயம்? இதற்காகவா நாம் முழந்தாளிட்டு வேண்டிக்கொள்வது?” என்று கேட்டார்.

“அதெல்லாம் பெரிய நாடுகளின் காரியம், ஐயா. நாம் வேண்டிக்கொள்வோம், மற்றதைச் சர்வேசுரன் பார்த்துக்கொள்வார்” என்று சொல்லிவிட்டு அறைக்குப் போய்விட்டேன். காப்பியைக் கையில் எடுத்தபோது எனக்கே வெட்கமாயிருந்தது. கேட்டவர் வீண்வாதம் பேசுகிறவரல்லர். அவர் கேட்டது அரசியல் கேள்வியுமன்று. மனச்சாட்சியைப் பற்றிய கேள்வி. குருமடத்தில் வருஷக் கணக்காய்த் தத்துவ சாஸ்திரமும் வேத சாஸ்திரமும் படித்தவன், பதில் சொல்லாமல் தப்பித்துக்கொண்டேன். அந்தக் கடனை இந்த வாரம் தீர்க்கப் பார்க்கிறேன்.

கேள்வியை முதலில் ஒழுங்குபடுத்திக் கொள்வோம். அதற்குள் மூன்று கேள்விகள் அடங்கியிருக்கின்றன. ஒன்று: தானே குற்றமுள்ளவன் பிறனுக்கு இடும் தடை செல்லுமா? இரண்டு: அப்படித் தடுக்கிறவனுக்கு உள்ள கடமை என்ன? மூன்று: அவன் தன் கடமையைச் செய்யாவிட்டால் மற்றவன் விடுதலை அடைந்துவிடுகிறானா?

இவற்றுக்கு விடை தேடுமுன் நடந்ததைச் சுருக்கமாய்த் தெரிந்துகொள்வது அவசியம்.

1945-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி ஹிரோஷிமாவிலும், 9-ந் தேதி நாகசாக்கியிலும் அமெரிக்கா அணுகுண்டு வீசிற்று. நாகசாக்கியில் குண்டு விழுந்த பகுதியின் பெயர் உராக்காமி. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் குருக்களில்லாமலே, வேதகலாபனைக்கு ஒளிந்து, விசுவாசத்தைத் தகப்பன் பிள்ளைக்கென்று கையளித்து வந்த கிறிஸ்தவர்களின் ஊர் அது. தேவமாதாவின் ஆரோபணத் திருநாளுக்கு ஆயத்தமாய் அன்று காலை அவ்வூர்க் கோவிலில் பாவசங்கீர்த்தனம் நடந்துகொண்டிருந்தது. குண்டு வெடித்த இடத்துக்கும் கோவிலுக்கும் அரை கிலோமீட்டர் தூரந்தான். குருக்களும் மக்களும் அங்கேயே மாண்டார்கள். உராக்காமியில் இருந்த ஏறத்தாழ 12,000 கத்தோலிக்கரில் 8,000-க்கு மேற்பட்டவர்கள் அந்தக் குண்டினால் இறந்துபோனார்கள். அந்தக் குண்டைக் கொண்டுபோன நாட்டிலும் கோவில்கள் இருந்தன. அங்கும் ஞாயிறு பூசை நடந்தது. இதை நாம் மறக்கலாகாது.

அதன்பின் குண்டு ஒரு கையில் நிற்கவில்லை. 1949-ல் சோவியத் ரஷ்யா, 1952-ல் பிரிட்டன், 1960-ல் பிரான்சு, 1964-ல் சீனா என்று ஒன்றன்பின் ஒன்றாய் நாடுகள் சோதனை நடத்தின. 1963-ல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி, 1970-களில் பதினைந்து, இருபது, இருபத்தைந்து நாடுகளிடம் இந்த ஆயுதம் இருக்கக்கூடும் என்று பயந்து பேசினார். அவருடைய பயம் வீண் பயமன்று. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர்தான், 1962 அக்டோபரில், கியூபா தீவில் ரஷ்யா வைத்த ஏவுகணைகளின் பேரில் உலகம் பதின்மூன்று நாள் அழிவின் வாசற்படியில் நின்றது. அந்நாட்களில் 23-ம் அருளப்பர் பாப்பரசர் வத்திக்கான் வானொலி மூலம், பேச்சுவார்த்தைக்கு இடங்கொடுக்கும்படி ஆட்சியாளரை இரந்து கேட்டார். அடுத்த ஆண்டு ஏப்ரல் 11-ந் தேதி, பூவுலகில் சமாதானத்தைப் பற்றிய தமது நிருபத்தை வெளியிட்டார். அதற்குள் அவர் நோயுற்றிருந்தார். இரண்டு மாதங்களுக்குள் மரித்தார்.

இந்த ஆயுதம் பரவாமல் தடுக்க ஓர் உடன்படிக்கை வேண்டும் என்று ஐக்கிய நாட்டு சபையில் விடாமல் வாதாடியவர், வல்லரசு எதையும் சேர்ந்தவரல்லர். அயர்லாந்து என்ற சிறிய கத்தோலிக்க நாட்டின் வெளிநாட்டு மந்திரி பிராங்க் எய்க்கன் என்பவர். இவரைப் பற்றி நாம் அறிவது நல்லது. வாலிபத்தில் இவர் துப்பாக்கி தூக்கியவர். அயர்லாந்து பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்ற சமயத்தில், உடன்படிக்கையை ஏற்றவர்களுக்கும் ஏற்காதவர்களுக்கும் இடையே உள்நாட்டு யுத்தம் மூண்டது. சகோதரன் சகோதரனைச் சுட்டான். ஏற்காதவர்களின் படைத் தலைவராய் 1923-ல் வந்தவர் எய்க்கன். அவ்வாண்டு மே மாதம், சுடுவதை நிறுத்தி, ஆயுதங்களை ஒளித்துவைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள் என்று தம் ஆட்களுக்குக் கட்டளையிட்டார். எதிரியிடம் ஒப்படைக்கச் சொல்லவில்லை. வெற்றி பெற்றதாகவும் சொல்லவில்லை. பிறகு தேர்தலில் நின்று, சட்டசபைக்குள் போய், 1932-ல் பாதுகாப்பு மந்திரியானார். தாம் எதிர்த்துப் போரிட்ட அதே இராணுவத்துக்கு மந்திரி! ஆயுதத்தைக் கீழே வைப்பது என்னவென்று ஏட்டில் படித்தவரல்லர் அவர்.

1958-ல் எய்க்கன் தமது யோசனையை முதன்முதலாக ஐ.நா. சபையில் வைத்தபோது, எதிர்த்து வாக்களித்தவர் இல்லை. ஆனால் ஒதுங்கியிருந்தவர்கள் ஏராளம். அவர் தமது தீர்மானத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு மறுபடி வந்தார். அதற்கடுத்த ஆண்டும் வந்தார். 1961 டிசம்பர் 4-ந் தேதி அந்தத் தீர்மானம் ஏகமனதாய் நிறைவேறிற்று. அதிலிருந்து பிறந்ததுதான் அணு ஆயுதப் பரவல் தடை உடன்படிக்கை. 1968 ஜூலை 1-ந் தேதி அது கையொப்பத்துக்கு வைக்கப்பட்டபோது, மாஸ்கோவில் முதல் கையொப்பமிடும் மரியாதையை எய்க்கனுக்கே கொடுத்தார்கள். 1970 மார்ச்சு 5-ந் தேதி அது அமலுக்கு வந்தது. திருப்பீடமும் 1971-ல் அதில் சேர்ந்துகொண்டது.

உடன்படிக்கையின் சாரம் இதுதான். 1967 ஜனவரி முதல் தேதிக்கு முன் குண்டு வெடித்த ஐந்து நாடுகள், அதை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று வாக்களித்தன. மற்றவர்கள், அதைச் செய்வதுமில்லை, வாங்குவதுமில்லை என்று வாக்களித்தார்கள். அதற்குப் பதிலாக மின்சாரத்துக்கும் மருத்துவத்துக்கும் அணுசக்தியைப் பயன்படுத்தும் உரிமை எல்லோருக்கும் உண்டென்று ஒத்துக்கொள்ளப்பட்டது. கடைசியாக ஆறாவது ஷரத்து: ஆயுதப் போட்டியை விரைவில் நிறுத்தவும், அணு ஆயுதங்களை ஒழிக்கவும் நல்லெண்ணத்தோடு பேச்சு நடத்துவோம் என்று எல்லோரும், முக்கியமாய் ஐந்து வல்லரசுகளும், வாக்குக் கொடுத்தார்கள். இந்த ஆறாவது ஷரத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி முதல் கேள்வி. குற்றமுள்ளவன் இடும் தடை செல்லுமா?

ஒரு வீட்டில் தகப்பன் குடிகாரன். மகன் சாராயக் கடைப் பக்கம் போனது தெரிந்து, “அங்கே கால் வைத்தால் வெட்டிவிடுவேன்” என்கிறான். மகன், “நீர் விட்டீரா, நான் விட?” என்று திருப்பிக் கேட்கிறான். இப்படிப்பட்ட வீடுகளைப் பங்கு விசாரணையில் நான் பார்த்திருக்கிறேன், நீங்களும் பார்த்திருப்பீர்கள். மகன் சொல்வதில் உண்மை உண்டா? உண்டு. தகப்பனுக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை குறைந்துபோயிற்று. ஆனால் அதனால் சாராயம் மகனுக்கு நல்லதாகிவிட்டதா? இல்லை. சொல்கிறவனுடைய யோக்கியதை ஒன்று. சொல்லப்பட்டதன் உண்மை வேறொன்று. வேதபாரகரும் பரிசேயரும் போதிப்பதைக் கேட்டு நடவுங்கள், ஆனால் அவர்கள் செய்கைகளைப் பின்பற்றாதேயுங்கள் என்று நமதாண்டவரே இந்த வேறுபாட்டைக் காட்டியிருக்கிறார்.

அறநெறி சாஸ்திரத்தில் இரண்டு வகைத் தீமையைப் பிரித்துக் கற்பிப்பார்கள். விலக்கப்பட்டதால் தீயதானது ஒன்று. தீயதாயிருப்பதால் விலக்கப்பட்டது மற்றொன்று. சாலையின் இடப்பக்கம் போகவேண்டும் என்பது முதல் வகை. சட்டம் மாறினால் வலப்பக்கமும் போகலாம். குற்றமற்றவனைக் கொல்லலாகாது என்பது இரண்டாம் வகை. எந்தச் சட்டமும் அதை மாற்ற முடியாது. அணுகுண்டு எந்த வகையைச் சேர்ந்தது? போர்வீரனையும் தொட்டில் குழந்தையையும் பிரித்தறிய அதற்குத் தெரியாது. ஒரு பட்டணத்தை முழுதும் அதன் குடிகளோடு அழிப்பது சர்வேசுரனுக்கும் மனிதனுக்கும் விரோதமான பாதகம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் தீர்த்துச் சொல்லிற்று. ஆகையால் குண்டு செய்யலாகாது என்பது ஐந்து நாடுகள் கூடி நமக்கு இட்ட தடையன்று. அவர்கள் பிறப்பதற்கு முன்பே இருந்த கற்பனை. அவர்கள் வாயிலிருந்து வந்தாலும் அது அவர்களுடைய சொல்லன்று.

பெரியவர் இதைக் கேட்டால், “அப்படியானால் அந்தக் கற்பனை அவர்களுக்கு மட்டும் இல்லையோ?” என்று கேட்பார். கேட்கவேண்டியதே. அதுவே இரண்டாம் கேள்வி.

தடுக்கிறவனுக்கு உள்ள கடமை என்ன? கண்ணில் உத்தரத்தை வைத்துக்கொண்டு பிறன் கண்ணிலுள்ள துரும்பை எடுக்கப் புறப்பட்டவனை ஆண்டவர் கடிந்துகொண்டார். ஆனால் துரும்பு இருக்கட்டும், விட்டுவிடு என்று அவர் சொல்லவில்லை. முதலில் உன் உத்தரத்தை எடு, பிறகு துரும்பை எடுக்கக் கண் தெரியும் என்றார். இரண்டையும் எடுக்கவேண்டும், பெரியது முதலில் என்பதே அவர் போதனை.

ஐந்து நாடுகள் கொடுத்த வாக்கும் இதுவே. குடிகாரத் தகப்பனைவிட இவர்கள் ஒரு படி மேலே போய், “நீ தொடாதே, நானும் விட்டுவிடுகிறேன்” என்று எழுதிக் கையொப்பமிட்டார்கள். எந்தத் தேதிக்குள் என்று மட்டும் எழுதவில்லை. தேதி போடாத கடன் பத்திரத்தின் கதி என்னவென்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

நியாயமாய்ப் பேசினால், ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லவும் கூடாது. 1986-ல் உலகில் சுமார் 70,000 அணுகுண்டுகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 12,000 இருக்கின்றன. 1987-ல் அமெரிக்காவும் ரஷ்யாவும் ஒரு வகை ஏவுகணைகளை முழுதும் அழிக்க உடன்பட்டு, அவ்விதமே அழித்தன. கென்னடி பயந்த இருபத்தைந்து நாடுகள் இன்று ஒன்பதாய் நிற்கின்றன. இது தானாக நடந்ததன்று. பெயர் தெரியாத எத்தனையோ தூதர்கள் ஜெனீவாவிலும் வியன்னாவிலும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒரு வார்த்தைக்காக மாதக்கணக்கில் வாதாடியதன் பலன். ராஜதந்திரம் என்றாலே பொய்யும் சூதும் என்று நினைக்கிறோம். பொறுமை என்ற புண்ணியத்துக்கும் அங்கே வேலை உண்டு.

வாக்கு மட்டும் போதாது, கணக்கும் வேண்டும் என்பதற்காக 1957-ல் நிறுவப்பட்ட சர்வதேச அணுசக்தி நிறுவனம் வியன்னாவில் இருக்கிறது. அதன் அதிகாரிகள் அணு உலைகளுக்குப் போய், யுரேனியத்தை எடை போட்டு, முத்திரை வைத்து, புகைப்படக் கருவிகளைப் பொருத்திவிட்டு வருகிறார்கள். பூமியில் கிடைக்கும் யுரேனியத்தில் வெடிக்கத்தக்க பகுதி நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மின்சாரத்துக்கு அதை நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்காக உயர்த்துகிறார்கள். தொண்ணூறுக்கு உயர்த்தினால் குண்டாகும். உயர்த்தும் இயந்திரம் இரண்டுக்கும் ஒன்றேதான். புளுட்டோனியம் என்ற மற்றப் பொருளில் எட்டுக் கிலோ காணாமற் போனாலே ஒரு குண்டுக்குப் போதும் என்று அந்நிறுவனம் கணக்கிடுகிறது. நம் வீடுகளில் மாசத்துக்கு வாங்கும் அரிசியைவிடக் குறைவு! ஆகையால் ஒருவனுடைய எண்ணத்தை எடை போட முடியாத இடத்தில், பொருளையாவது எடை போடுகிறார்கள்.

ஆயினும் குறைந்தது போதாது. 1987-ல் செய்த அந்த உடன்படிக்கை 2019-ல் முறிந்துபோயிற்று. வல்லரசுகள் பழைய குண்டுகளுக்குப் பதில் புதியவைகளைச் செய்துகொண்டிருக்கின்றன. இங்கே திருச்சபையின் போதனை நடந்துவந்த வழியைக் கவனியுங்கள். 1982-ல் 2-ம் அருள் சின்னப்பர் பாப்பரசர் ஐ.நா. சபைக்கு அனுப்பிய செய்தியில், எதிரியை அச்சுறுத்தித் தடுக்கும்படி ஆயுதம் வைத்திருப்பதை, படிப்படியாய் ஆயுதங்களை ஒழிக்கும் வழியில் ஒரு படி என்ற அளவில் அன்றைய நிலைமையில் சகித்துக்கொள்ளலாம் என்றார். அது அனுமதிச் சீட்டன்று, தவணை. தவணையோ ஓடிக்கொண்டே இருந்தது. 2019 நவம்பர் 24-ந் தேதி பிரான்சிஸ் பாப்பரசர் ஹிரோஷிமாவில் நின்று, இந்த ஆயுதங்களை உபயோகிப்பது மட்டுமன்று, வைத்திருப்பதும் ஒழுக்கத்துக்கு விரோதம் என்று பகிரங்கமாய்ச் சொன்னார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், அணு ஆயுதங்களை அறவே விலக்கும் புது உடன்படிக்கை 122 நாடுகளின் வாக்கோடு நிறைவேறியபோது, கையொப்பத்துக்கு வைத்த முதல் நாளிலேயே திருப்பீடம் கையொப்பமிட்டது. அது 2021-ல் அமலுக்கு வந்தது. குண்டு வைத்திருக்கும் ஒன்பது நாடுகளில் ஒன்றும் அதில் சேரவில்லை.

ஏன் இந்தக் கண்டிப்பு? செய்வது பாவமானால், செய்வேன் என்று மனதார ஆயத்தமாயிருப்பதும் பாவமே. “நீ அடித்தால் உன் பிள்ளைகளைக் கொல்லுவேன்” என்று அயலானை மிரட்டி வைத்திருப்பவன், ஒருநாளும் கொல்லாவிட்டாலும், மனத்தில் கொலையாளியாகவே குடியிருக்கிறான். மிரட்டல் பலிக்கவேண்டுமானால் அதை மெய்யாகவே செய்யத் துணிந்த ஆட்களை இரவும் பகலும் ஆயத்தமாய் வைத்திருக்கவேண்டும். அந்த ஆட்களுக்கும் ஆத்துமம் உண்டு.

மூன்றாவது கேள்வி எல்லாவற்றிலும் கடினமானது. வல்லவன் வாக்குத் தவறினால், எளியவன் விடுதலை அடைகிறானா?

இதற்கு உக்ரேன் நாட்டின் கதையை மறைக்காமல் சொல்லவேண்டும். 1991-ல் சோவியத் யூனியன் கலைந்தபோது, அந்நாட்டு மண்ணில் சுமார் 1,900 நெடுந்தூர அணுகுண்டுகள் நின்றன. உலகில் மூன்றாவது பெரிய குவியல் அது. வெடிக்கச் செய்யும் அதிகாரம் மாஸ்கோவில் இருந்தது உண்மை. ஆனாலும் பொருள் உக்ரேனின் கையில் இருந்தது. 1994 டிசம்பர் 5-ந் தேதி புடாபெஸ்டு நகரில் ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் ஆகிய மூன்றும், உக்ரேனின் சுதந்திரத்தையும் எல்லையையும் மதிப்போம் என்று எழுதிக் கொடுத்தன. அதை நம்பி, 1996-க்குள் உக்ரேன் கடைசிக் குண்டையும் அனுப்பிவிட்டது. 2014-ல் ரஷ்யா கிரிமியாவைப் பிடித்துக்கொண்டது. 2022 பிப்ரவரி 24-ந் தேதி முழு யுத்தம் தொடுத்தது. எழுதிக் கொடுத்தவனே வீட்டுக்குள் நுழைந்தான்.

இதைப் பார்த்த மற்ற நாடுகள் என்ன பாடம் படிக்கும்? உடன்படிக்கையில் சேர்ந்து, பிறகு 2003-ல் விலகுவதாக அறிவித்து, 2006-ல் குண்டு வெடித்த வட கொரியா தன் வழியே புத்திசாலித்தனம் என்று சொல்லாதா? சொல்லும். அதனால்தான் வாக்குத் தவறுதல் இரட்டைப் பாவம். நம்பியவனுக்கு ஒரு துரோகம். இனி நம்ப வேண்டியவர்களின் நம்பிக்கையைக் கொன்ற துரோகம் இன்னொன்று.

வாக்குத் தவறியவனுக்கு வாக்குக் காக்கக் கடமையில்லை என்று பழைய நீதி நூல் வாசகம் ஒன்று உண்டு. வெறும் கொடுக்கல் வாங்கலில் அது சரியே. நீ நெல் அளக்காவிட்டால் நான் பணம் தரவேண்டியதில்லை. ஆனால் முன்பு சொன்ன வேறுபாட்டை இங்கே கொண்டுவாருங்கள். குண்டு செய்யாதிருக்கும் கடமை உடன்படிக்கையிலிருந்து மட்டும் பிறந்திருந்தால், உடன்படிக்கை முறிந்ததும் கடமையும் முறியும். அது உடன்படிக்கைக்கு முன்பே இருந்தால், பத்திரம் கிழிந்தாலும் கடமை கிழியாது. தகப்பன் மறுபடி குடித்தான் என்பதற்காக மகனுக்குச் சாராயம் ஆகாரமாகிவிடாது. ஆகையால் குண்டை விட்ட உக்ரேன் தவறு செய்யவில்லை. அதை வஞ்சித்தவனே தவறு செய்தான். வஞ்சிக்கப்பட்டவனைப் பார்த்து “நம்பினாயே, மடையா” என்று சிரிப்பது, திருடனை விட்டுவிட்டு வீட்டுக்காரனை ஏசுவதாகும். அதே சமயம், அவன் கொடுத்த விலை சொற்பம் என்று நாம் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லலாகாது. அந்த விலையை இரத்தத்தில் கொடுக்கிறார்கள்.

விட்டவர்கள் எல்லோரும் அழிந்தார்கள் என்பதும் மெய்யன்று. தென்னாப்பிரிக்கா இரகசியமாய் ஆறு குண்டுகள் செய்து முடித்திருந்தது. அவற்றைத் தானே பிரித்து அழித்துவிட்டு, 1991-ல் உடன்படிக்கையில் சேர்ந்து, 1993 மார்ச்சில் உலகத்துக்கு அறிவித்தது. அவர்கள் நோக்கம் முழுதும் தூயது என்று நான் சாதிக்கமாட்டேன். ஆயினும் செய்தது நல்ல காரியம். அந்நாடு அதனால் கெட்டுப்போகவில்லை. கஜகஸ்தான் தன் மண்ணில் 450-க்கு மேற்பட்ட சோதனைகளின் விஷத்தைக் குடித்த நாடு. அதுவும் தன்னிடம் நின்ற குண்டுகளை அனுப்பிவிட்டது. பிரேசிலும் அர்ஜென்டினாவும் ஒன்றையொன்று சந்தேகித்த அயலார். 1991-ல் ஒருவர் உலையை ஒருவர் போய்ப் பார்க்கும் ஏற்பாட்டைச் செய்துகொண்டார்கள்.

நம் நாட்டைப் பற்றிப் பேசாமல் தாண்டினால் பெரியவர் என்னை விடமாட்டார். 1954 ஏப்ரலில், பசிபிக் கடலில் அமெரிக்கா வெடித்த குண்டின் சாம்பல் ஜப்பானிய மீனவர்கள்மேல் விழுந்ததை அடுத்து, சோதனைகளை நிறுத்துங்கள் என்று முதலில் குரல் கொடுத்தவர்களில் நம் பிரதம மந்திரி நேரு ஒருவர். 1968-ல் இந்தியா இந்த உடன்படிக்கையில் கையொப்பமிட மறுத்தது. உள்ளவனுக்கு ஒரு நீதி, இல்லாதவனுக்கு ஒரு நீதியா என்பதே அதன் வாதம். அந்த வாதம் மெய்யான வாதம். ஆனால் அதிலிருந்து இரண்டு முடிவுக்குப் போகலாம். ஆகையால் ஒருவரும் வைத்திருக்கலாகாது என்பது ஒன்று. ஆகையால் நாமும் வைத்திருக்கலாம் என்பது மற்றொன்று. 1974-லும் 1998-லும் நம் நாடு இரண்டாவது வழியில் போயிற்று. 1998-ல் அதே மாதத்தில் பாகிஸ்தானும் பின்தொடர்ந்தது. முதல் முடிவே வாதத்துக்குப் பொருந்திய முடிவு என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

இவ்வளவையும் எழுதி எடுத்துக்கொண்டு, புதன்கிழமை மாலை பெரியவர் வீட்டுக்கே போனேன். திண்ணையில் உட்கார்ந்து பொறுமையாய்க் கேட்டார். பிறகு சொன்னார்: “சாமி, நீங்கள் சொல்வதில் குற்றம் காண எனக்குத் தெரியாது. ஆனால் நான் எல்லையில் பனியில் நின்றவன். எதிரே இருக்கிறவன் கையில் வைத்திருக்கிறானே! நான் மட்டும் கீழே வைத்தால், என் பின்னால் தூங்குகிற ஊருக்கு யார் ஜவாப்தாரி?”

இதற்கு ஒரு வரியில் பதில் என்னிடம் இல்லை. இருப்பதாகப் பாவனை செய்யவும் மாட்டேன். தன் ஜனங்களைக் காப்பது அரசின் கடமை என்று திருச்சபை என்றும் ஒத்துக்கொள்கிறது. ஆனால் எந்த வழியாலும் காக்கலாம் என்று ஒத்துக்கொண்டதில்லை. பிறன் குழந்தையைக் கொன்று என் குழந்தையைக் காக்கும் உரிமை எனக்கில்லை. ஒரே நாளில் கீழே வைக்க முடியாது என்று ஓர் அரசு சொன்னால், அதைக் கேட்க நான் தயார். அப்படிச் சொல்கிற அரசுக்கு அன்றே இன்னொரு கடமை பிறக்கிறது: இருவரும் சேர்ந்து கீழே வைக்கும் நாளைத் தேடி, மேசையை விட்டு எழுந்திராமல் உழைப்பது. “முடியாது” என்று சொல்லிவிட்டுத் தேடவும் செய்யாதவன், முடியாதவனல்லன், மனமில்லாதவன்.

கூரை வீடுகள் நெருங்கிய தெருவில் ஒரு கூரை பற்றிக்கொண்டால், பக்கத்துக் கூரைக்குத் தாவாமல் முதலில் தடுக்கிறோம். எரிகிற வீட்டுக்காரனே “உங்கள் கூரையை நனையுங்கள்” என்று கத்தினாலும், அவன் சொல் புத்தியே. பரவாமல் தடுப்பதற்கு நியாயம் இதுதான். ஆனால் பக்கத்துக் கூரைகளை நனைத்துவிட்டு, எரிகிற கூரையை எரியவிட்டுப் போகிறவன் உண்டா? அணைக்காமல் விட்ட நெருப்பு என்றைக்கும் பக்கத்தில் நிற்காது. எய்க்கன் பெற்றுத் தந்த உடன்படிக்கையில் பாதி வேலை நடந்திருக்கிறது. மற்றப் பாதி ஆறாவது ஷரத்தில், தேதி போடாத பத்திரமாய்க் கிடக்கிறது.

நான் எழுந்தபோது பெரியவர் வாசல்வரை வந்தார். “நீங்கள் என்னை முழுசாக ஒப்புக்கொள்ள வைத்துவிட்டீர்கள் என்று சொல்லமாட்டேன், சாமி. ஆனால் அந்த மன்றாட்டை நிறுத்தவேண்டாம். அதில் ஒரு வரி மட்டும் கூட்டுங்கள். இல்லாதவர்கள் செய்யாதிருக்கும்படி வேண்டினோமே, வைத்திருக்கிறவர்களும் கொடுத்த வாக்கைக் காக்கும்படி வேண்டுவோம். அப்போது நானும் உரத்த குரலில் பதில் சொல்லுவேன்” என்றார்.

வரும் ஞாயிறு முதல் அந்த வரி மன்றாட்டில் சேர்க்கப்படும். அதை வாசிக்கும்படி அவரையே கேட்டிருக்கிறேன். உராக்காமியில் பாவசங்கீர்த்தனத்துக்குக் காத்திருந்தபடியே மரித்தவர்களின் ஆத்துமங்களையும், இந்நேரம் எந்த எல்லையிலோ குளிரில் நிற்கும் எல்லா நாட்டுப் பிள்ளைகளையும் அப்போது மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பங்குக் குரு